கையடக்க உயர்ரக டார்ச் மங்கினால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சட்டைப்பையில் அடங்கும் அளவுள்ள, ஆனால் விலை கூடிய டார்ச்சுகளை வைத்திருப்போர் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட ஐயங்களை இங்கே தொகுத்திருக்கிறேன். ஒற்றை 18650 அல்லது 21700 லித்தியம் அயனி செல்லில் எரியும் டார்ச்சுகளை மனத்தில் வைத்தே பதில்கள் எழுதப்பட்டுள்ளன. டார்ச் மங்கியதும் பெரும்பாலோர் முதலில் எல்இடியைத்தான் சந்தேகிக்கிறார்கள்; ஆனால் முறையாகக் குளிர்ந்து எரியும் எல்இடி பல்லாயிரம் மணி நேரம் உழைக்கும். செல்லிலிருந்து எல்இடி வரை மின்சாரம் போய்த் திரும்பும் வழியில்தான் குறை பெரும்பாலும் ஒளிந்திருக்கிறது. அந்த வழியை ஒவ்வோர் இடமாகச் சோதிக்கத் தெரிந்துகொண்டால் பாதிப் பழுதுகளை வீட்டிலேயே தீர்த்துவிடலாம்.

18650 என்பது என்ன எண்? சாதாரண பேட்டரியையே போட்டுக்கொள்ளக் கூடாதா?

முதல் இரண்டு இலக்கங்கள் விட்டத்தையும், அடுத்த இரண்டு நீளத்தையும் மில்லிமீட்டரில் சொல்கின்றன. கடைசிச் சுழியம் உருளை வடிவத்தைக் குறிக்கிறது. ஆகவே 18650 என்பது 18 மி.மீ. விட்டமும் 65 மி.மீ. நீளமும் கொண்ட செல். 21700 என்பது அதைவிடச் சற்றுப் பருமனும் நீளமும் கூடியது. இவை முழுதாக ஏறும்போது 4.2 வோல்ட் இருக்கும்; ஏறத்தாழ 3 வோல்ட்டுக்கு இறங்கினால் காலி என்று கொள்ளலாம்.

கடிகாரத்துக்குப் போடும் ஏஏ பேட்டரி 1.5 வோல்ட்தான் தரும். அதே ஏஏ அளவில் 14500 என்ற லித்தியம் செல்லும் கிடைக்கிறது என்பதால் இங்கே கவனம் தேவை. ஏஏ பேட்டரிக்கு மட்டும் என வடிவமைக்கப்பட்ட டார்ச்சில் 14500-ஐப் போட்டால் உள்ளே இருந்து எல்இடிக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவர் சர்க்யூட் கருகிவிடலாம். இரண்டையும் ஏற்கும் என்று கையேட்டில் எழுதியிருந்தால் மட்டுமே போடுங்கள்.

புது டார்ச்தான். முழு வெளிச்சத்தில் வைத்தால் மூன்றே நிமிஷத்தில் மங்கிவிடுகிறது. பழுதான பொருளைத் தலையில் கட்டிவிட்டார்களா?

பெரும்பாலும் இல்லை. லூமன் என்பது டார்ச் வெளியிடும் மொத்த ஒளியை அளக்கும் அலகு. 1000 லூமன் வெளிச்சத்துக்கு எல்இடி ஏறத்தாழ 10 வாட் மின்திறனை எடுத்துக்கொள்கிறது. அதில் பெரும்பகுதி வெப்பமாகத்தான் மாறுகிறது. விரல் நீளமே உள்ள ஓர் உலோக உடலால் அவ்வளவு வெப்பத்தைத் தொடர்ந்து வெளியேற்ற முடியாது. எனவே உடலின் வெப்பம் 50 முதல் 60 டிகிரி செல்சியஸ் அளவை நெருங்கும்போது, உள்ளே உள்ள உணரி வெளிச்சத்தைத் தானாகக் குறைக்கிறது. எல்இடியையும் செல்லையும் உங்கள் கையையும் காப்பாற்றவே இந்த ஏற்பாடு.

இந்த அளவு டார்ச்சில் உச்ச வெளிச்சம் சில நிமிடங்களுக்கானது என்றும், சில நூறு லூமன்தான் தொடர்ந்து பிடித்துக்கொண்டு நடப்பதற்கானது என்றும் நினைத்துக்கொள்ளுங்கள். விற்பவர்கள் பெட்டியின்மேல் உச்ச எண்ணைப் பெரிதாகவும் இந்த உண்மையைப் பொடி எழுத்திலும் அச்சிடுவது வாங்குவோருக்குச் செய்யும் நியாயமன்று என்பது என் கருத்து.

பெட்டியில் "1000 லூமன், இரண்டரை மணி நேரம்" என்று போட்டிருக்கிறதே, அப்படியானால் அது பொய்யா?

பொய்யன்று, அளக்கும் முறை அப்படி. பெரும்பாலான நிறுவனங்கள் 2009-இல் வெளிவந்த அன்சி எஃப்எல்1 தரமுறையைப் பின்பற்றுகின்றன. அதன்படி, டார்ச்சைப் போட்டு 30 நொடி கழித்து இருக்கும் வெளிச்சம்தான் தொடக்க அளவு. அந்த அளவில் பத்தில் ஒரு பங்குக்கு வெளிச்சம் இறங்கும் வரை ஆகும் நேரமே எரியும் நேரமாகக் கணக்கிடப்படுகிறது. எனவே இரண்டரை மணி நேரமும் 1000 லூமன் வரும் என்று அதற்குப் பொருளில்லை. நேரம் ஏற ஏற வெளிச்சம் எப்படி இறங்குகிறது என்று காட்டும் வரைபடம் கையேட்டில் இருந்தால், அதைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

அதிக விலை கொடுத்து டைட்டானியம் உடல் வாங்கினேன். நண்பரின் அலுமினிய டார்ச்சைவிடச் சீக்கிரம் மங்குகிறதே, ஏன்?

டைட்டானியம் உறுதியானது, துருப்பிடிக்காதது. ஆனால் வெப்பத்தைக் கடத்துவதில் மிகவும் பின்தங்கியது. அலுமினியக் கலவைகள் அதைவிடப் பல மடங்கு நன்றாகக் கடத்தும். செம்பு அலுமினியத்தையும் மிஞ்சும். எல்இடியில் பிறக்கும் வெப்பம் டைட்டானியத் தலைப்பகுதியிலேயே தங்கிவிடுவதால் உணரி விரைவில் வெளிச்சத்தைக் குறைக்கிறது. உங்கள் டார்ச்சில் பழுது ஏதுமில்லை.

டைட்டானியத்தில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அதன் மரைகள் ஒன்றோடொன்று உராய்ந்து இழுத்துப் பிடித்துக்கொள்ளும் இயல்புடையவை. திருகும்போது மணல் நெறுநெறுப்பது போல் உணர்ந்தால் மேற்கொண்டு பலம் கொடுக்காமல் கழற்றித் துடைத்து, கிரீஸ் இட்டுத் திரும்பப் பூட்டுங்கள்.

மங்குவது சூட்டினாலா, வேறு கோளாறினாலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரு மேசை மின்விசிறி போதும். முழுதாக ஏறிய செல்லைப் போட்டு, உச்ச வெளிச்சத்தில் வைத்து, எத்தனை நிமிடத்தில் இறங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். டார்ச் நன்றாக ஆறிய பிறகு, செல்லையும் மீண்டும் ஏற்றி, இந்த முறை விசிறிக் காற்று நேராகப் படும்படி வைத்து அதே சோதனையைச் செய்யுங்கள். காற்றில் நேரம் கணிசமாக நீண்டால் காரணம் வெப்பம்தான்.

காற்று இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே நேரத்தில் இறங்கி, அணைத்துப் போட்டதும் வெளிச்சம் முழுதாகத் திரும்பினால், அது நேரம் வைத்துக் குறைக்கும் ஏற்பாடு; சில நிறுவனங்கள் வெப்ப உணரிக்குப் பதிலாக இந்த எளிய வழியைக் கையாளுகின்றன. போட்ட முதல் நொடியிலேயே வெளிச்சம் மங்கலாக இருந்தாலோ, தட்டினால் திருப்பினால் மாறினாலோ, அது வெப்பத்தின் வேலையன்று. அதற்கான பதில்கள் கீழே வருகின்றன.

முன்பு போல வெளிச்சம் இல்லை என்று தோன்றுகிறது. ஆனால் உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை.

கண்ணை நம்பி இதைத் தீர்மானிக்க முடியாது. லூமன் பாதியாகக் குறைந்தாலும் கண்ணுக்கு அது பாதியாகத் தெரிவதில்லை. மெதுவாக நடக்கும் குறைவோ தெரியவே தெரியாது. வெள்ளைக் கூரையுள்ள சிறிய அறையை இருட்டாக்கி, டார்ச்சைக் கூரையை நோக்கி நிறுத்துங்கள். கைப்பேசியில் ஒளி அளக்கும் செயலியைத் திறந்து, டார்ச்சிலிருந்து ஓரடி தள்ளித் தரையில் வைத்து, 30-ஆவது நொடியில் காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இந்த எண் உண்மையான லூமன் அன்று. ஆனால் அதே அறை, அதே இடம், அதே கைப்பேசி, முழுதாக ஏறிய செல் என்ற நிபந்தனைகள் மாறாதவரை, ஒப்பிட்டுப் பார்க்க அது போதுமானது. டார்ச் வாங்கிய அன்றே இதை அளந்து கையேட்டின் பின்பக்கத்தில் எழுதி வைக்குமாறு எல்லோருக்கும் சொல்கிறேன். பின்னாளில் வரும் ஒவ்வொரு சந்தேகத்துக்கும் அந்த ஓர் எண் துணை நிற்கும்.

செல் முழுசா ஏறியிருக்கிறது, மீட்டரில் 4.2 வோல்ட் காட்டுகிறது. ஆனாலும் உச்ச வெளிச்சம் மட்டும் குறைவாக இருக்கிறதே?

சும்மா இருக்கும்போது செல் காட்டும் வோல்ட் வேறு. சுமை ஏறும்போது காட்டும் வோல்ட் வேறு. ஒவ்வொரு செல்லுக்கும், மின்னோட்டத்தை உள்ளிருந்தே தடுக்கும் உள்தடை என்று ஒன்று உண்டு. நல்ல புது 18650 செல்லில் அது சில பத்து மில்லி ஓம் அளவில் இருக்கும்; வயதாக ஆக, சூட்டில் கிடந்து வாட வாட, அது ஏறிக்கொண்டே போகும். உள்தடை 100 மில்லி ஓம் ஆகிவிட்டது என்று வையுங்கள்: டார்ச் 5 ஆம்பியர் இழுக்கும்போது அரை வோல்ட் செல்லுக்குள்ளேயே கரைந்துவிடுகிறது. வெள்ளை எல்இடிக்கே ஏறத்தாழ 3 வோல்ட் தேவைப்படும் நிலையில் அரை வோல்ட் என்பது பெரிய இழப்பு. குறைந்த வெளிச்ச நிலைகளில் மின்னோட்டம் சிறியது என்பதால் இந்த இழப்பு அங்கே தெரியாது. உச்சத்தில்தான் முகம் காட்டும்.

டிரைவரின் வகையும் இதில் பங்கு வகிக்கிறது. வோல்ட்டை உயர்த்திக் கொடுக்கும் பூஸ்ட் வகை டிரைவர்கள் செல் பாதி இறங்கிய பிறகும் வெளிச்சத்தை நிலையாக வைத்திருக்கும். செல்லை ஏறக்குறைய நேரடியாக எல்இடியுடன் இணைக்கும் வகைகளில், செல் இறங்க இறங்க உச்ச வெளிச்சமும் கூடவே இறங்கும், அது இயல்பே. சந்தேகத்தைத் தீர்க்க, நல்லதென்று தெரிந்த வேறொரு செல்லைப் போட்டு, மேலே சொன்ன கூரை அளவையை எடுத்துப் பாருங்கள். எண் ஏறினால் பழைய செல்லுக்கு ஓய்வு கொடுக்க வேண்டியதுதான்.

இணையத்தில் 9900 மில்லி ஆம்பியர் மணி என்று போட்ட 18650 மலிவாகக் கிடைக்கிறதே, அதை வாங்கலாமா?

வாங்காதீர்கள். நல்ல நிறுவனங்களின் 18650 செல்கள் ஏறத்தாழ 3500 மில்லி ஆம்பியர் மணி அளவில்தான் இருக்கின்றன. அந்த அளவு உருளைக்குள் 9900 அடங்காது. சமையலறைத் தராசில் நிறுத்துப் பார்த்தாலே பல போலிகள் பிடிபடும்: உண்மையான செல் 45 முதல் 50 கிராம் வரை எடை இருக்கும், போலிகளில் பல அதைவிடத் தெளிவாக எடை குறைந்தவை. போலி செல்லின் உள்தடை பெரும்பாலும் மிகுதியாக இருப்பதால், முந்தைய பதிலில் சொன்ன மங்கல் புது செல்லிலேயே வரும்.

எடுத்து மாற்றும்போது செல்லின் மேலுறையையும் பாருங்கள். 18650-இன் வெளிக்கூடு முழுவதும் எதிர்முனை. மேல்முனையை ஒட்டி உறை கிழிந்திருந்தால் நேர்முனையும் எதிர்முனையும் தொட்டுக்கொள்ளும் ஆபத்து உண்டு; அப்படிப்பட்ட செல்லை உறை மாற்றாமல் பயன்படுத்தக் கூடாது. 2.5 வோல்ட்டுக்குக் கீழே போய்விட்ட செல்லைத் திரும்ப ஏற்றிப் பார்க்கவும் வேண்டாம்.

டார்ச்சைத் தட்டினால் வெளிச்சம் கூடுகிறது, பின்மூடியைத் திருகினால் மினுக்குகிறது. எங்கே கோளாறு?

தொடுமுனைகளில். செல்லின் எதிர்முனையிலிருந்து கிளம்பும் வழியை மனத்தில் வரைந்து பாருங்கள்: பின்மூடியின் ஸ்பிரிங், சுவிட்ச், சுவிட்சை இறுக்கிப் பிடிக்கும் வளையம், பின்மூடியின் உலோகம், உடல்குழாயின் விளிம்பு, குழாயின் மறுமுனை விளிம்பு, அங்கிருந்து டிரைவர் தட்டின் வெளிவட்டம். இத்தனை இடங்களில் எந்த ஒன்றில் அழுக்கோ களிம்போ தளர்வோ இருந்தாலும், உள்தடை ஏறிய செல்லில் நடந்ததே இங்கும் நடக்கும்.

பலர் மரைகளை மட்டும் துடைத்துவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். ஆனால் பல அலுமினிய டார்ச்சுகளில் மரைகள் அனோடைஸ் செய்யப்பட்டவை, அதாவது மேலே கடினமான ஆக்சைடுப் பூச்சு ஏற்றப்பட்டவை. அந்தப் பூச்சு மின்சாரத்தைக் கடத்தாது. அவற்றில் மின்சாரம் கடப்பது குழாயின் வாய்விளிம்பில், பூச்சில்லாமல் வெள்ளையாகப் பளபளக்கும் மெல்லிய வட்டத்தின் வழியாகத்தான். பின்மூடியைக் கழற்றி வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள்: அந்த வட்டத்தில் கிரீஸும் உலோகத்தூளும் கலந்த கருமையான பசை படிந்திருந்தால், குற்றவாளி கிடைத்துவிட்டது.

அடுத்து, பின்மூடிக்குள் எட்டிப் பாருங்கள். எதிரெதிராக இரண்டு சிறு குழிகளோ வெட்டுகளோ உள்ள வளையம் ஒன்று தெரியும். சுவிட்சை அமுக்கிப் பிடித்திருப்பது அதுதான். பயன்பாட்டில் ஏற்படும் அதிர்வால் அது மெல்லத் தளரும். கூரான இடுக்கியின் இரு முனைகளையும் அந்த வெட்டுகளில் பதித்து வலஞ்சுழியாகத் திருகுங்கள்; கால் சுற்று இறங்கினாலே வித்தியாசம் தெரியும். இந்த ஒரு வேலையால் உயிர் பெற்ற டார்ச்சுகள் ஏராளம் என்பதால், செலவு செய்வதற்கு முன் இதைக் கட்டாயம் முயன்று பாருங்கள். தலைப்பகுதியிலும் அப்படியொரு வளையம் இருந்தால் அதையும் இறுக்குங்கள்.

எதை வைத்துத் துடைப்பது? உப்புத்தாள் போட்டுத் தேய்க்கலாமா?

ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பட்ஸ் அல்லது நூல் உதிராத துணி போதும். முதலில் செல்லை வெளியே எடுத்துவிடுங்கள். விளிம்பு, ஸ்பிரிங்கின் நுனி, டிரைவர் தட்டின் மையப் புள்ளி, வெளிவட்டம், செல்லின் இரு முனைகள் ஆகியவற்றைப் பட்ஸில் கருமை ஏறுவது நிற்கும் வரை துடைத்து, நன்றாக உலரவிட்டுப் பூட்டுங்கள். பிடிவாதமான கறைக்குப் பென்சில் அழிப்பான் நன்றாக வேலை செய்யும். துகள்களை ஊதி வெளியேற்றிவிடுங்கள்.

உப்புத்தாள் வேண்டாம். பொன்முலாம் பூசிய தொடுமுனைகளில் அந்த முலாம் போய்விட்டால் அடியில் உள்ள உலோகம் விரைவில் கறுத்து, முன்பைவிட மோசமாகிவிடும். செம்பு, பித்தளை உடல் கொண்டவற்றில் களிம்பு ஏறுவது இயல்பு. வெளியே அழகாக இருக்கட்டும் என்று விட்டாலும், மரையையும் விளிம்பையும் மட்டும் அவ்வப்போது பளிச்சென்று வைத்திருக்க வேண்டும். கடலோரத்தில் இருப்பவர்கள் மற்றவர்களைவிட அடிக்கடி துடைப்பது நல்லது.

மரைக்குத் தேங்காய் எண்ணெய் தடவுகிறேன். அது போதாதா?

போதாது. தேங்காய் எண்ணெய் நாளடைவில் சிக்குப் பிடித்துத் தூசியைச் சேர்த்துக்கொள்ளும்; குளிர்ந்த இடங்களில் உறைந்தும் போகும். துருவை இளக்கத் தெளிக்கும் ஸ்பிரேக்களும் நீடித்த உயவுக்கு உரியவை அல்ல. நீர் புகாமல் காக்க மரையை ஒட்டி இருக்கும் வளையங்களான ஓ-ரிங்குகள் பெரும்பாலும் நைட்ரைல் ரப்பரால் ஆனவை. அவற்றுக்குச் சிலிக்கோன் கிரீஸ் ஏற்றது. ஓ-ரிங் பளபளக்கும் அளவு மெல்லிய படலம் இருந்தால் போதும். கிரீஸ் மின்சாரத்தைக் கடத்தாது என்பதால் வாய்விளிம்பில் அது படக் கூடாது.

எல்லாவற்றையும் துடைத்துவிட்டேன், வளையத்தையும் இறுக்கிவிட்டேன். அப்படியும் சரியாகவில்லை. சுவிட்ச் போயிருக்குமோ?

பின்மூடியில் சுவிட்ச் உள்ள டார்ச் என்றால் இதை எளிதாகத் தெரிந்துகொள்ளலாம். பின்மூடியை முழுதாகக் கழற்றுங்கள். செல் உள்ளேயே இருக்கட்டும். கனமான சிறு செம்புக் கம்பி ஒன்றின் ஒரு முனையைச் செல்லின் அடிப்பகுதியிலும் மறுமுனையைக் குழாயின் பூச்சில்லாத விளிம்பிலும் வைத்து அழுத்துங்கள். பின்மூடி செய்யும் வேலையை இப்போது கம்பி செய்கிறது. வெளிச்சம் முழுதாக வந்தால் கோளாறு பின்மூடியில்தான். வராவிட்டால் செல்லிலோ தலைப்பகுதியிலோ இருக்கிறது. இரண்டு மூன்று நொடிகளுக்கு மேல் பிடிக்க வேண்டாம், மெல்லிய கம்பி சுட்டுவிடும். உறை கிழிந்த செல்லை வைத்து இதைச் செய்யவே கூடாது.

கோளாறு பின்மூடியில் என்று தெரிந்தால் ஸ்பிரிங்கையும் பாருங்கள். மிகுந்த மின்னோட்டத்தில் சூடேறிய ஸ்பிரிங் விறைப்பு இழந்து படுத்துவிடும். ஸ்பிரிங் நன்றாக இருந்தால் சுவிட்ச்தான். அதைத் தனியாக மாற்றிக்கொள்ளலாம், விலையும் பெரிதன்று.

மல்டிமீட்டரைப் பின்பக்கம் வைத்து அளந்தேன். 5 ஆம்பியர் வர வேண்டிய இடத்தில் பாதிதான் காட்டுகிறது. டிரைவர் போய்விட்டதா?

அவசரப்பட வேண்டாம். மீட்டருடன் வரும் மெல்லிய வயர்களுக்கும் மீட்டரின் உள்ளமைப்புக்கும் தடை உண்டு. அந்தத் தடை அளக்க வந்த மின்னோட்டத்தையே குறைத்துவிடுகிறது. கனமான செம்புக் கம்பியை இணைத்து அதைச் சுற்றி நேர்மின்னோட்டம் அளக்கும் கிளாம்ப் மீட்டரைப் பிடித்தால் கிடைக்கும் எண்ணை நம்பலாம். அது கைவசம் இல்லையென்றால் கூரை அளவையே இதைவிட நேர்மையான சாட்சி.

குறைந்த வெளிச்சத்தில் வைத்தால் கைப்பேசிக் கேமராவில் கறுப்புக் கோடுகள் ஓடுகின்றன. இதுவும் தொடுமுனைக் கோளாறா?

இல்லை. சில டிரைவர்கள் எல்இடியை மிக வேகமாக அணைத்து அணைத்துப் போட்டு வெளிச்சத்தைக் குறைக்கின்றன; பிடபிள்யூஎம் எனப்படும் முறை இது. கேமராவில் கோடாகத் தெரிவதும், குழாய்த் தண்ணீரில் அடித்தால் துளிகள் தனித்தனியாக நிற்பது போலத் தெரிவதும் இதனால்தான். இது வடிவமைப்பு, துடைத்துப் போகாது. தொடுமுனைக் கோளாறால் வரும் மினுக்கல் ஒழுங்கில்லாதது, வெறுங்கண்ணுக்கே தெரியும், கை அசைவுக்கு ஏற்ப மாறும்.

பிள்ளைகள் கையில் கொடுத்து வாங்கினேன். அதன் பிறகு முழு வெளிச்சம் வரவே மாட்டேன் என்கிறது.

முதலில் தலைப்பகுதியைத் திருகிப் பாருங்கள். தலை தளர்ந்திருந்தால் ஒரு வெளிச்சம், இறுகியிருந்தால் இன்னொன்று என அமைந்த டார்ச்சுகள் பல உண்டு. அடுத்து அமைப்புகளைப் பாருங்கள். ஆண்டுரில் 2 என்ற திறந்தமூல மென்பொருளில் இயங்கும் டார்ச்சுகளில், புதியவர்களுக்கான எளிய நிலையில் உச்ச வெளிச்சம் கட்டுப்படுத்தப்பட்டிருக்கும். அணைந்த நிலையில் பொத்தானைப் பத்து முறை அழுத்தி, பத்தாவது அழுத்தத்தை விடாமல் பிடித்தால் மேம்பட்ட நிலைக்கு மாறும். அதே மென்பொருளில் மூன்று முறை அழுத்தினால் செல்லின் வோல்ட்டைக் கண்சிமிட்டிச் சொல்லும்: நான்கு சிமிட்டல், இடைவெளி, ஒரு சிமிட்டல் என்றால் 4.1 வோல்ட்.

இரண்டு மாதம் பையில் கிடந்த பிறகு எடுத்தால் மங்கலாக எரிகிறது. நான் பயன்படுத்தவே இல்லையே?

பக்கவாட்டு மின்னணுச் சுவிட்ச் உள்ள டார்ச்சுகள், அணைந்திருக்கும்போதும் உங்கள் விரலுக்காகக் காத்திருப்பதால், சிறிதளவு மின்சாரத்தை எப்போதும் குடித்துக்கொண்டே இருக்கும். பின்மூடியைக் கால் சுற்றுத் தளர்த்தி வையுங்கள். மரை அனோடைஸ் செய்யப்பட்டதென்றால் இணைப்பு முழுதாக அறுந்துவிடும். பைக்குள் தானாக எரிந்து துணியைப் பொசுக்கும் ஆபத்தும் நீங்கும்.

நீண்ட நாள் பயன்படுத்தாவிட்டால் செல்லைப் பாதி அளவு, அதாவது 3.7 வோல்ட்டை ஒட்டி, ஏற்றிக் கழற்றிவைத்து, சில மாதங்களுக்கு ஒருமுறை சரிபாருங்கள். கத்திரி வெயிலில் நிறுத்திய காரின் முகப்பில் டார்ச்சை வைக்கவே வேண்டாம். உள்தடையை ஏற்றிச் செல்லை முதுமையாக்குவதில் வெப்பத்துக்கு இணையான எதிரி இல்லை.

லென்ஸின் உட்புறம் பனி படர்ந்தது போல இருக்கிறது.

ஈரம் உள்ளே போயிருக்கிறது. செல்லை எடுத்துவிட்டு, பின்மூடியைத் திறந்த நிலையில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூடிய டப்பாவில் ஓரிரு நாள் வையுங்கள். பிறகு ஓ-ரிங்குகளில் வெடிப்போ தட்டையாதலோ இருக்கிறதா என்று பார்த்து மாற்றுங்கள். ரிஃப்ளெக்டரின் உட்பூச்சை விரலாலோ துணியாலோ தொடாதீர்கள். அதில் விழும் கீறல் அழியாது.

வெளிச்சம் மங்குவதோடு நீலமாகவும் மாறுகிறது. இதுவும் செல் குறைதானா?

இதைத்தான் நீங்கள் கவனமாக எடுத்துக்கொள்ள வேண்டும். போட்ட சில நொடிகளிலேயே, உடல் சூடாகும் முன்பே, ஒளி நீலம் பாய்ந்து மங்கினால், எல்இடியின் வெப்பம் உடலுக்கு இறங்காமல் எல்இடியிலேயே தேங்குகிறது என்று பொருள். எல்இடிக்கும் அதன் செம்புத்தட்டுக்கும் இடையிலான ஈயப்பற்று விட்டிருக்கலாம். தட்டுக்கும் உடலுக்கும் இடையிலான வெப்பப் பசை வறண்டிருக்கலாம். உடனே உச்ச வெளிச்சத்தில் போடுவதை நிறுத்துங்கள். இது துடைத்தோ இறுக்கியோ தீராது.

அப்படியானால் தலைப்பகுதியை நானே பிரித்துப் பார்க்கலாமா?

உத்தரவாதக் காலம் இருந்தால் கூடாது. பல நிறுவனங்கள் தலைப்பகுதியைப் பசை போட்டு ஒட்டியிருக்கும். இடுக்கியால் பிடித்துத் திருகினால் உடலில் வடுவும் உள்ளே அறுந்த வயரும்தான் மிஞ்சும். உத்தரவாதம் முடிந்து, பற்றவைக்கும் கைப்பழக்கமும் உங்களுக்கு இருந்தால் முயலலாம். அதிலும் எல்இடியின் மேலுள்ள மென்மையான குமிழைத் தொடாமல் இருக்க வேண்டும்.

நிறுவனத்துக்கு அனுப்புவதாக இருந்தால், "மங்கலாக எரிகிறது" என்று மட்டும் எழுதாதீர்கள். எந்தச் செல், அதன் வோல்ட் என்ன, வேறு செல் போட்டும் மாறவில்லையா, கம்பிச் சோதனையில் என்ன தெரிந்தது, விசிறிக் காற்றில் நேரம் மாறியதா, கூரை அளவையில் பழைய எண்ணும் புதிய எண்ணும் எவை என்பதை வரிசையாக எழுதி அனுப்புங்கள். செல்லை மாற்றிப் பாருங்கள், முனைகளைத் துடைத்துப் பாருங்கள் என்று அவர்கள் கேட்கப்போகும் முதல் இரண்டு கேள்விகளுக்கும் அதிலேயே பதில் இருப்பதால், பேச்சு நேராகப் பழுதுபார்ப்புக்குப் போய்விடும்.